வெளியே கிடந்த சோற்றைச் சூடாக்கினால் போதுமா?

"எவ்வளவு நேரம் வெளியே கிடந்த சோறானாலும் நன்றாகச் சூடாக்கினால் கிருமி செத்துவிடும், தாராளமாகச் சாப்பிடலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி.

அரிசியில் இயல்பாகவே ஒட்டியிருக்கக்கூடிய பேசில்லஸ் செரியஸ் பாக்டீரியாவின் வித்துகள் உலைக்கொதியிலும் தப்பிவிடும். வடித்த சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, செரியூலைடு என்னும் நச்சைச் சுரக்கலாம். மறுபடி சூடாக்கினால் பாக்டீரியா சாகும். நச்சோ 121 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் வைத்தாலும் சிதையாது. வீட்டுக் குக்கரின் சூடே ஏறக்குறைய அவ்வளவுதான்! ஊசிய வாடைகூட வராமல் இருக்கலாம். பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும்.

சூடாக்குவதே சோற்றை நஞ்சாக்கும் என்பதும் வதந்திதான். மீந்ததை அகலப் பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.