கொள்ளு மருந்து மட்டுமா?

கொள்ளுப் பயறு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, அதை உடம்பு இளைக்கச் சாப்பிடும் மருந்தாக மட்டுமே பேசுகிறது. வருத்தமாக இருக்கிறது. எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்துச் செம்மண் மானாவாரியில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் ஒன்றிரண்டு மழையோடு பனியிலேயே காய்த்துவிடும். அதிக உரம் கேட்காது; வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், கொடி மாட்டுக்கு ஆகும். பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பையூர் 2 ரகம் சுமார் 105 நாள் பயிர்.

சாப்பாட்டுக்கு வருவோம். இரவே ஊறப்போட்டு வேகவைத்து, வடித்த தண்ணீரில் ரசம். வெந்த கொள்ளில் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் வதக்கிப் போட்டு மண்சட்டியில் கடைந்தால் கடைசல். ராகிக் களிக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

ரேஷனில் துவரம்பருப்போடு கொள்ளும் கொடுக்கட்டும். மானாவாரி விவசாயிக்கு நிலையான விலை கிடைக்கும்.