ஒரு நோட்டுகூட கேட்காமல்

போன வாரம் ராத்திரி ஒரு டிரம் கோர், அதாவது அமெரிக்காவில் மைதானங்களில் வாசித்துப் போட்டி போடும் ஒரு இளைஞர் இசைக்குழு, இந்த சீசனுக்கான ஷோவை அறிவித்தது. எந்தக் கோர் என்று இங்கே எழுதப்போவதில்லை. என் அக்கா பையன் அதில் மெல்லோஃபோன் என்ற ஊது வாத்தியம் வாசிக்கிறான். காலேஜுக்காக எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறான்.

வந்தது ஒரு சின்ன வீடியோ. ஒரு தலைப்பு, ஒரு போஸ்டர், எடுத்துக்கொண்ட இசைக்கோர்வைகளின் பட்டியல். அவ்வளவுதான். சமையலறையில் நின்றபடி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் போனை நீட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. கேம்ப்பில் சொன்ன நாளிலிருந்து வெளியே மூச்சு விடாமல் வைத்திருந்த விஷயம், இனிமேல் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் அடுத்த தோசையை வார்த்துத் திருப்பிப் போடுவதற்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டது. கமெண்ட் படிக்க ஆரம்பித்திருந்தான்.

மறுபடியும் இருட்டு தீமா என்று ஒருவர். மெலடி என்று ஒன்று இருக்குமா, இல்லை இந்த வருஷமும் சத்தம்தானா என்று இன்னொருவர். டிசைன் டீமை மொத்தமாக வீட்டுக்கு அனுப்புங்கள் என்று ஒருவர். கடைசியில் எத்தனையாவது இடம் வரும் என்பதைக்கூட ஒருவர் எழுதிவிட்டார். போனைக் கவிழ்த்துச் சமையல் மேடையில் வைத்துவிட்டு அவன் சொன்னது இதுதான்: "சித்தி, நாங்க இன்னும் ஓப்பனரையே முழுசா வாசிக்கல. இவங்க க்ளோசர் தேறாதுங்கறாங்க." (ஓப்பனர் ஷோவின் தொடக்கப் பகுதி, க்ளோசர் முடிவுப் பகுதி.)

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரம் கோர் என்பது அமெரிக்காவில் கோடைக்காலம் முழுக்க ஊர் ஊராகப் போய்ப் போட்டி போடும் இளைஞர் குழு. பிராஸ் எனப்படும் பித்தளை ஊது வாத்தியங்கள், தாள வாத்தியங்கள், கொடியும் துப்பாக்கி வடிவ மரக்கட்டையும் சுழற்றும் கலர் கார்ட் ஆகிய மூன்றும்தான் அதன் அங்கங்கள். கிளாரினெட், புல்லாங்குழல் கிடையாது. 150 பேருக்கு மேல் ஃபுட்பால் மைதானத்தில் ஓடிக்கொண்டே வாசிப்பார்கள், அதிகபட்சம் 12 நிமிஷம். 1972 முதல் டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு சாம்பியன்ஷிப் நடத்துகிறது. 2009 முதல் ஃபைனல்ஸ் இண்டியானாபொலிஸின் லூகஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கிறது. வயது வரம்பு உண்டு. 21, 22 வயதோடு ஒருவரின் கோர் வாழ்க்கை முடிந்துவிடும். சம்பளம் கிடையாது. பிள்ளைகள்தான் ஆயிரக்கணக்கில் டாலர் கட்டிச் சேர்கிறார்கள்.

ஒவ்வொரு வருஷமும் ஒரு தீம். அந்த அறிவிப்பு வரும் நாளில் ரசிகர்கள் படும் பாட்டை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஃபர்ஸ்ட் லுக் போஸ்டர் வந்த ராத்திரி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரே வித்தியாசம், இங்கே திட்டு வாங்குவது கோடிகளில் சம்பளம் வாங்கும் ஹீரோ இல்லை. காலேஜ் லீவில் ஸ்கூல் ஜிம் தரையில் படுத்துத் தூங்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள்.

ரசிகர்களின் கோபத்துக்கு அடியில் ஒரு நியாயம் இருப்பது எனக்குத் தெரியும். நானும் பதினோரு வருஷமாக டிக்கெட் எடுத்துப் போகிறவள். 100 மார்க்கில் 40 மார்க் 'ஜெனரல் எஃபெக்ட்'டுக்குப் போகிறது. ஷோ பார்ப்பவரின் மனதையும் புத்தியையும் எவ்வளவு தொட்டது என்பதற்கான மார்க் அது. அதனால் நல்ல பாட்டு நாலைக் கோர்த்து வாசித்தால் போதாது. ஒரு கருத்து வேண்டும், அதைத் தாங்குகிற உடை, செட், அசைவு எல்லாம் வேண்டும். 2000 வரை பிராஸ் என்றால் ஜி சுருதியில் ஊதும் பியூகிள் வகை வாத்தியங்கள்தான். அதன் பிறகு மற்ற சுருதி வாத்தியங்கள் வந்தன. 2004-ல் மைக், 2009-ல் சிந்தசைசர். ஒவ்வொன்றும் வந்தபோது, எங்கள் கோரைக் கெடுக்கிறார்கள் என்று பழையவர்கள் கொதித்தார்கள். எழுபதுகளில் தானே மைதானத்தில் ஊதிய ஒருவருக்கு இன்றைய ஷோ அந்நியமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் தலைப்பைப் பார்த்து ஷோவை எடை போட்டவர்கள் எத்தனை தடவை தோற்றிருக்கிறார்கள்!

2012-ல் புளூ டெவில்ஸ் என்ற குழு எடுத்துக்கொண்டது 'கபரே வோல்டேர்'. 1916-ல் ஜூரிக்கில் டாடா கலைஞர்கள் கூடிய இடத்தின் பெயர். அர்த்தத்தையே உடைக்கிற ஒரு கலை இயக்கத்தை மைதானத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்டார்கள். அந்த வருஷம் சாம்பியன் அவர்கள்தான். அடுத்த வருஷம் கரோலைனா கிரவுன் என்ற குழு ஐன்ஸ்டைனின் சமன்பாட்டையே, 'ஈ ஈக்வல்ஸ் எம்சி ஸ்கொயர்ட்' என்று தலைப்பாக வைத்தது. பிசிக்ஸ் கிளாஸா என்று கேட்கத் தோன்றும் தலைப்பு. கிரவுனின் முதல் சாம்பியன் பட்டம் அதில்தான் வந்தது. அந்த ஷோவில் பிராஸ் பிள்ளைகள் வாசித்த வேகத்தைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கை சில்லிடும். 2014-ல் புளூ டெவில்ஸ் 'ஃபெலினியெஸ்க்' என்றது. இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் படமே பார்த்திராத கூட்டத்தின் முன்னால் அதை வாசித்து 99.65 வாங்கினார்கள்.

2016-ல் புளூகோட்ஸின் 'டவுன் சைட் அப்'. ஒஹையோவில் கேன்டன் என்கிற ஊரிலிருந்து வரும் குழு, 1972-ல் தொடங்கியது, அதுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. தொப்பி இல்லை, இறகு இல்லை, பட்டாளத்துக் கோட்டும் இல்லை. பெரிய சறுக்கு மேடைகளில் பிள்ளைகள் ஏறி இறங்கி வாசித்தார்கள். இது டிரம் கோரே இல்லை என்று சொன்னவர்கள் ஏராளம். முதல் பட்டம் அந்த ஷோவுக்குத்தான். இன்றைக்கு எந்தக் குழுவைப் பார்த்தாலும் அந்த உடையின் சாயல் தெரிகிறது.

இவற்றை எல்லாம் விட என் மனதில் நிற்பது 1993. ஸ்டார் ஆஃப் இண்டியானா என்று ஒரு குழு. 1991-ல் ரெஸ்பீகியின் இசையை வைத்து 'ரோமன் இமேஜஸ்' என்று ஒரு ஷோ, கேட்டவுடனே எழுந்து நிற்க வைக்கும் இசை, சாம்பியன் ஆனார்கள். இரண்டே வருஷத்தில் முற்றிலும் வேறு திசைக்குப் போனார்கள். சாமுவேல் பார்பரின் 'மெடியா', கூடவே பேலா பார்டோக். மெடியா பெற்ற பிள்ளைகளையே கொல்லும் கிரேக்கக் கதைத் தாய். கைதட்டலுக்கு என்று இடம் விடாத, இறுக்கிப் பிடித்த, அச்சமூட்டும் ஷோ. ஆடியன்ஸ் பிடிக்காமல் கூச்சல் போட்டது. அந்தக் கூச்சல் மைதானத்தில் நின்ற பிள்ளைகளின் காதில் விழுந்தது. மிசிசிப்பியில் ஜாக்சன் நகரில் நடந்த ஃபைனல்ஸில் கேடட்ஸ் என்ற குழு 97.4, ஸ்டார் 97.3. பத்தில் ஒரு பாயிண்டில் இரண்டாம் இடம். அத்தோடு அவர்கள் போட்டியிலிருந்தே விலகிப் போய்விட்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் 'பிளாஸ்ட்' என்ற மேடை நிகழ்ச்சி. 2001-ல் பிராட்வேயில் அதற்கு டோனி விருது கிடைத்தது. இன்றைக்கு டிரம் கோர் வரலாற்றைப் பேசும் யாரும் அந்த 1993 ஷோவைத் தொடாமல் போக மாட்டார்கள்.

அன்றைக்குக் கத்தியவர்கள்மேல்கூட எனக்கு முழுக் கோபம் இல்லை. அவர்கள் வெயிலில் உட்கார்ந்து, ஷோவை முதலிலிருந்து கடைசி வரை பார்த்துவிட்டுக் கத்தினார்கள். அதேபோல 2007-ல் கேடட்ஸ் பிராஸுக்கு மேல் மைக்கில் பேசிக்கொண்டே இருந்தபோது ரசிகர்கள் பொங்கினார்கள். பதிவைப் பார்த்தால் நானும் அவர்கள் பக்கம்தான். அவ்வளவு அருமையாக ஊதுகிற பிள்ளைகளை ஊத விடுங்களேன் என்றுதான் தோன்றுகிறது. அது கேட்டுவிட்டுச் சொன்ன குறை. கேட்டவருக்குக் குறை சொல்ல எல்லா உரிமையும் உண்டு.

அறிவிப்பு நாளில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? மைதானத்தில் அந்த ஷோ இன்னும் பிறக்கவே இல்லை. மே மாதம் ஸ்பிரிங் டிரெய்னிங் தொடங்கும். காலையிலிருந்து ராத்திரி வரை வெயிலில் நின்று, கழுத்தில் கயிறு கட்டிய சின்ன நோட்டில் ஒவ்வொரு கவுன்ட்டுக்கும் தான் நிற்க வேண்டிய புள்ளியை எழுதி வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு நிமிஷ டிரில், அதாவது மைதானத்தில் இடம் மாறி நகரும் வரிசை, உருவானாலே பெரிது. ஜூன் கடைசியில் முதல் போட்டிக்கு வரும்போது பல குழுக்களுக்கு முடிவே தயாராகியிருக்காது. ஜூலையில் ஒரு பாட்டைத் தூக்கிவிட்டு வேறு போடுவார்கள். ஆகஸ்டில் பார்க்கும் ஷோ வேறு, ஏப்ரலில் போஸ்டரில் பார்த்தது வேறு.

எங்கள் வீட்டு நடைவழியில் வந்து பாருங்கள். தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறான். ஒரு டேப்புக்கும் அடுத்ததற்கும் சரியாக 22.5 அங்குலம். ஐந்து கெஜத்தை எட்டு அடியில் கடக்க வேண்டும், அதுதான் இவர்களுடைய அடிப்படை நடை. ஹாலிலிருந்து பாத்ரூம் வாசல் வரை பன்னிரண்டு டேப். டிசம்பரில் ஒட்டியது. பல் தேய்க்கப் போகும்போதும் அந்த டேப்பின் மேல்தான் கால் வைப்பான். முதலில் குனிந்து பார்த்துத்தான் நடந்தான். இப்போது இருட்டில் லைட் போடாமல் போகிறான், ஒவ்வொரு அடியும் டேப் மேல் விழுகிறது. நான் நின்று பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள் வாக்குவம் போடும்போது ஓரம் பிய்ந்த ஒரு டேப்பை உரித்து எடுத்துவிட்டார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. இன்ச் டேப்பை எடுத்து வந்து அளந்து மறுபடி ஒட்டினான். "பரவால்ல சித்தப்பா, ஏழாவது ஸ்டெப் எனக்கு எப்பவும் கொஞ்சம் குட்டையாத்தான் விழும், இன்னொரு தடவை பாத்துக்கறேன்" என்றான்.

'சோம்பேறித்தனமான டிசைன்' என்று போன வாரம் எழுதியவருக்கு இந்த ஏழாவது டேப்பைக் காட்ட வேண்டும் போல இருந்தது. டிசைன் செய்தவர் வேறு, நடப்பவர் வேறு, நான் டிசைனரைத்தான் சொன்னேன் என்பார். அந்தப் பிரிவினை பெரியவர்களுக்குத்தான். பிள்ளைகளுக்கு அது 'எங்க ஷோ'. அந்தத் தலைப்பைத் தன் பெயர் மாதிரி தூக்கிக்கொண்டு ஒரு சீசன் முழுக்கத் திரிவார்கள். தீம் பிடிக்கவில்லை என்று நீங்கள் எழுதும்போது அவர்களுக்கு 'உன்னைப் பிடிக்கவில்லை' என்றுதான் கேட்கிறது.

சந்தேகப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. "இந்த இசையை வைத்து எப்படிச் செய்வார்கள், புரியவில்லை" என்று எழுதுங்கள். "எனக்குப் பழைய பாணிதான் பிடிக்கும், ஆனாலும் வந்து பார்ப்பேன்" என்று எழுதுங்கள். 2008-ல் ஃபான்டம் ரெஜிமென்ட் 'ஸ்பார்டகஸ்' செய்தது. எல்லோருக்கும் தெரிந்த கதை, கூட்டமே கூடச் சேர்ந்து கத்தியது, 0.025 வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அப்படி ஒரு ஷோவுக்கு ஏங்குவது தப்பே இல்லை. நானும் ஏங்குகிறேன். ஆனால் இன்னும் நடக்காத ஒன்றின் இடத்தை எழுதி, அதை அந்தப் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஒட்டாதீர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 2023-ல் சாண்டா கிளாரா வேன்கார்ட் பணம் இல்லாமல் ஒரு சீசன் முழுக்க நின்றுபோனது. 2018-ல் 'பாபிலோன்' செய்து சாம்பியன் ஆன குழு அது. 2024-ல் திரும்பி வந்து 'வேகபாண்ட்' என்று தலைப்பை அறிவித்தபோது, தலைப்பு என்ன என்பதே எனக்கு இரண்டாம் பட்சமாகத்தான் இருந்தது. திரும்பி வந்துவிட்டார்கள், அதுவே போதும் என்று இருந்தது. கேடட்ஸ் வரவில்லை. 1934-ல் ஆரம்பித்த குழு, 10 சாம்பியன்ஷிப், 2024-ல் மூடிவிட்டார்கள். மைக்கில் பேசாதீர்கள் என்று அந்தக் குழுவைத் திட்டித் தீர்த்தவர்கள் எத்தனை பேர். இந்த ஏப்ரலில் அவர்கள் முழுக்க முழுக்கப் பேச்சாலேயே ஒரு ஷோ செய்கிறோம் என்று அறிவித்தால்கூட நான் உட்கார்ந்து அழுவேன். அந்தப் பக்கத்திலிருந்து இனி ஒரு போஸ்டரும் வராது.

பாஸ்டன் க்ரூஸேடர்ஸ் 1940-ல் தொடங்கிய குழு. ஃபைனல்ஸுக்குள் நுழையவே 1999 ஆனது. 2025-ல் 'பூம்' என்று ஒற்றைச் சொல்லில் ஒரு ஷோவோடு வந்து முதல் பட்டத்தை எடுத்தார்கள். எண்பத்தைந்து வருஷம். இடையில் எத்தனை தலைப்புகளுக்கு எத்தனை பேர் உதடு பிதுக்கியிருப்பார்கள்.

அன்றைக்கு ராத்திரி அவன் ஆறிப்போன தோசையைச் சாப்பிட்டான். பிறகு மாடிக்குப் போகாமல் கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லோஃபோனை எடுத்தான். ஒரே ஒரு கார்வை. நீளமாகப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, அரை மணி நேரம். எந்தப் பாட்டிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

மே மாதம் பஸ் ஏறுகிறான். முதல் போட்டிக்கு எனக்கும் அக்காவுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன், ஐம்பது கெஜக் கோட்டுக்கு நேர் மேலே. அன்றைக்கு ஷோவைப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் இதே இடத்தில் எழுதுகிறேன்.