தொண்டைக்குச் சாயம் உண்டா?

கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில், ஒரு தமிழ்ச் சலூன். சனிக்கிழமை பிற்பகல். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் கனகசபை கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு கண்ணாடி முன் அமர்ந்திருக்கிறார். கடைக்காரர் முருகேசன் சிறு கிண்ணத்தில் தலைச்சாயம் குழைத்துக்கொண்டிருக்கிறார். சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது: ‘முழுக்க நல்ல தமிழில் பேசும் வாடிக்கையாளருக்குத் தாடி மழிப்பு இலவசம்.’

முருகேசன்: இத்தனை ஆண்டுகளாக நரையோடு நிம்மதியாக இருந்த நீங்கள், இன்றைக்கு மட்டும் காக்கை நிறம் வேண்டும் என்று கேட்கிறீர்களே, வீட்டில் ஏதேனும் விசேஷமா அண்ணே?

கனகசபை: வீட்டில் ஒன்றுமில்லை தம்பி. இன்று இரவு டீப் பர்ப்பிள் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவினரின் கச்சேரி. பதினாறு வயதில், இரவல் வாங்கிய ஒலிநாடாவில் அவர்களின் பாடகர் இயன் கில்லன் அலறியதைக் கேட்டு, எங்கள் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி விபூதியோடு ஓடிவந்தாள். அன்று தொடங்கிய பைத்தியம் எனக்கு இன்னும் தெளியவில்லை. அவர் முன்னால் நரைத்த தலையோடு போய் நிற்க மனம் வரவில்லை.

முருகேசன்: அவருக்கு என்ன வயது?

கனகசபை: 1945இல் பிறந்தவர்.

முருகேசன்: உங்களைவிட அத்தனை மூத்தவர் முன்னால் இளைஞனாகப் போய் நிற்பது மரியாதைக் குறைவு அண்ணே. இருந்தாலும் காசு கொடுப்பவர் நீங்கள், தலையை நேராக வைத்துக்கொள்ளுங்கள்.

கனகசபை: எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். 1970இல் அவர்கள் வெளியிட்ட ‘சைல்ட் இன் டைம்’ என்ற பாட்டை இன்று பாட மாட்டார்கள். பத்து நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்தப் பாட்டில் சொற்கள் கொஞ்சம்தான். முதலில் குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் முனகுவார். அடுத்து அதே மெட்டைக் கொஞ்சம் உரக்க இழுப்பார். மூன்றாவதாக அவர் அலறும்போது, தூங்கிய குழந்தை மட்டுமல்ல, தெருவே எழுந்துவிடும். 2002க்குப் பிறகு அதை மேடையில் அவர் பாடியதே இல்லை.

முருகேசன்: கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, சாம்பாரை மட்டும் 2002இலேயே நிறுத்திவிட்டோம் என்று சொல்வதுபோல் இருக்கிறதே! பாடினால் என்னவாம்?

கனகசபை: தொண்டை இடம் கொடுக்க வேண்டாமா? குரல்நாண் என்று இரண்டு மடிப்புகள் குரல்வளைக்குள் இருக்கின்றன. ஆண்களுக்கு அவை சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளம், அதாவது என் கட்டைவிரல் நகத்தின் அளவு. வாத்தியக் குழுக்கள் சுருதி சேர்க்கும் அந்த ‘ஏ’ ஸ்வரத்தைப் பாடினால், அவை வினாடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதித் திறக்கும். அதற்கு மேல் ஒரு ஸ்தாயி ஏறினால் 880 முறை.

முருகேசன்: ஒரு வினாடியில் 880 முறையா? என் கத்திரிக்கோல் ஒரு நாள் முழுவதும் அத்தனை முறை திறந்து மூடினால் நான் சொந்த வீடு வாங்கியிருப்பேனே!

கனகசபை: நீயே கத்திரிக்கோலை எடுத்துவிட்டாய், அதை வைத்தே சொல்கிறேன். திருகாணி தளர்ந்துபோன கத்திரிக்கோல் என்ன செய்யும்?

(முருகேசன் மேசையிலிருந்து ஒரு பழைய கத்திரிக்கோலை எடுத்துக் கனகசபையின் காதோரம் இருந்த நான்கு மயிரை வெட்டப் பார்க்கிறார். மயிர் வெட்டுப்படாமல் இரண்டு அலகுகளுக்கும் நடுவில் மடிந்து நிற்கிறது.)

முருகேசன்: வெட்டாது அண்ணே, இப்படி மென்று துப்பும். அலகும் அலகும் உரசிக்கொண்டு மூடினால்தான் வெட்டு விழும்.

கனகசபை: வயதானவர் தொண்டையிலும் அதே கதைதான். குரல்நாணின் தசை மெலிகிறது, மேலிருக்கும் மென்படலத்தின் இழுபடும் தன்மை குறைகிறது, ஈரமும் குறைகிறது. இரண்டு மடிப்பும் முழுமையாகச் சேராமல் நடுவில் ஒரு கீற்று இடைவெளி விழுந்துவிட்டால், காற்று ஒலியாக மாறாமல் அந்த இடைவெளி வழியாகச் சும்மா போய்விடும். அதனால்தான் கிழவர்கள் பேசும்போது பேச்சோடு பாதி மூச்சும் கேட்கிறது. போதாததற்கு, குரல்வளையைச் சுற்றியுள்ள குருத்தெலும்புகள் வயதாக ஆக எலும்பாகவே இறுகிவிடுகின்றன. மார்புக்கூடும் விறைத்து, ஒரே மூச்சில் இழுத்துப் பிடிக்கும் காற்றின் அளவும் குறைந்துவிடுகிறது.

முருகேசன்: ஒரு சந்தேகம். என் மாமியாருக்கு எழுபது வயதாகிறது. அவர் வங்கிக்குத் தொலைபேசினால், எதிர்முனையில் இருப்பவர் ‘சொல்லுங்கள் சார்’ என்கிறார். என் மாமனார் பேசினால் ‘மேடம்’ என்கிறார். சென்ற மாதம் இருவரும் சேர்ந்து ஒரு கணக்கை மூடப் போய், யார் கணவன் யார் மனைவி என்று நிரூபிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. இது மட்டும் ஏன் தலைகீழாக நடக்கிறது?

கனகசபை: மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல்நாண் சற்றுத் தடித்துக் கனத்துவிடுவதால் குரல் இறங்குகிறது. ஆண்களுக்கு அது மெலிந்துபோவதால் பேச்சுக்குரல் கொஞ்சம் ஏறுகிறது. தடித்த தந்தியையும் மெல்லிய தந்தியையும் மீட்டிப் பார், விளங்கும்.

முருகேசன்: நன்றாக மாட்டிக்கொண்டீர்கள்! வயதானால் ஆண்குரல் மேலே ஏறும் என்றால், உங்கள் கில்லனுக்கு அந்த உச்ச ஸ்வரம் முன்னைவிடச் சுலபமாக அல்லவா எட்ட வேண்டும்?

கனகசபை: (சற்று யோசித்து) கீழ்ப்படியில் நிற்பவன் ஒரு படி மேலே வந்து உட்கார்ந்துவிட்டான் என்பதால் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவான் என்று சொல்ல முடியுமா? பேசும் குரல் உட்காரும் இடம்தான் கொஞ்சம் ஏறுகிறது. உச்சிக்குப் போக வேண்டுமானால் குரல்நாணை இழுத்து நீட்டி, விறைப்பாக்கி, அது பிசிறாமல் மூடும்படி கீழிருந்து காற்றால் அழுத்த வேண்டும். நீட்டும் தசைக்கும் அழுத்தும் மூச்சுக்கும் ஒரே நேரத்தில் வயதாகிவிட்டது. ஏணியின் மேல்படியும் போயிற்று, கீழ்ப்படியும் போயிற்று, நடுவில் நான்கு படிகள்தான் மிச்சம்.

முருகேசன்: இதற்கெல்லாம் பனங்கற்கண்டும் மிளகும் வாயில் அடக்கிக்கொண்டால் சரியாகிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையா? இந்த நாட்டில் மருத்துவம் அவ்வளவுதான்.

கனகசபை: நாம் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை தம்பி. அது உணவுக்குழாய் வழியே போகிறது. தப்பித்தவறிக் குரல்நாண் பக்கம் போனால் புரையேறி, பாட்டுக்குப் பதிலாக இருமல்தான் வரும்.

முருகேசன்: என் பாட்டி எழுபது ஆண்டுகள் அடக்கிய பனங்கற்கண்டு எங்கேதான் போயிற்று?

கனகசபை: சர்க்கரை நோயாகத் திரும்பி வந்திருக்கும்.

(முருகேசன் தலையில் பாதியைக் கறுப்பாக்கிவிட்டு, தூரிகையைக் கிண்ணத்தில் தேய்க்கிறார்.)

முருகேசன்: அப்படியானால் மேடையில் எப்படித்தான் சமாளிக்கிறார்கள்? நம் ஊர்ப் பாகவதர்கள் வயதானால் கட்டையை, அதாவது சுருதியை, குறைத்துக்கொள்வார்கள்.

கனகசபை: இவர்களும் அதையேதான் செய்கிறார்கள்! ஆறு கட்டைப் பாட்டை ஐந்தரைக்கு இறக்கி, கூட்டத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொள்வார்கள். முக்கால்வாசிப் பேருக்கு உண்மையிலேயே தெரியாது. 2007 டிசம்பர் 10 அன்று, இங்கிருந்து ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஓ2 அரங்கில் லெட் செப்பெலின் குழுவினர் ஒரே ஓர் இரவு மட்டும் சேர்ந்து பாடினார்களே, அப்போதும் அவர்களின் பாடகர் ராபர்ட் பிளாண்டின் வசதிக்காகச் சில பாட்டுகளின் சுருதியை இறக்கித்தான் வாசித்தார்கள். ஐம்பத்தொன்பது வயதில் அவர் செய்தது கெட்டிக்காரத்தனம் என்றுதான் நான் சொல்வேன். கட்டையைக் குறைப்பவனைவிட, குறைக்க மறுத்துக் கீச்சிடுபவன்தான் என் காசை வீணாக்குகிறான்.

முருகேசன்: கட்டையை இறக்குவது மட்டும்தான் தந்திரமா?

கனகசபை: இன்னும் இருக்கிறது. உச்ச ஸ்வரம் வரும் இடத்தில் மெட்டை மடக்கிக் கீழே திருப்பிவிடுவது. பக்கவாட்டில் நிற்பவர்களை அந்த இடத்தைப் பாடவைப்பது. எதுவும் முடியாவிட்டால் மைக்கை அப்படியே கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவது.

முருகேசன்: ‘மைக்’ என்று சொல்லிவிட்டீர்கள். தாடி மழிப்புக்குக் காசு உண்டு.

கனகசபை: ஒலிவாங்கி! ஒலிவாங்கி என்றுதான் சொல்ல வந்தேன்! உன் கடைக்கே ‘சலூன்’ என்று பெயர் வைத்துக்கொண்டு என்னிடம் சட்டம் பேசுகிறாயே?

முருகேசன்: கடை தாடி மழித்துக்கொள்வதில்லை அண்ணே. மேலே சொல்லுங்கள். காசு கொடுத்து வந்தவர்களையே பாடவைத்துவிட்டுப் பாடகர் கேட்டுக்கொண்டிருப்பாரா?

கனகசபை: கேட்டுக்கொண்டு நின்றால்கூடப் பரவாயில்லை. இடையில் கிட்டார்காரரும் ஆர்கன்காரரும் ஆளுக்கொரு தனி ஆவர்த்தனம் எடுப்பார்கள். அந்த நேரத்தில் அவர் மேடையை விட்டே இறங்கிப்போய்த் தண்ணீர் குடித்து, மூச்சை ஆற்றிக்கொண்டு வருவார்.

முருகேசன்: நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் கேட்பவர்கள் எழுந்து கேண்டீனுக்குப் போவார்கள். அங்கே பாடுபவரே போய்விடுகிறாரா? பரவாயில்லை, யாராவது ஒருவர் போய்த்தானே ஆக வேண்டும்.

கனகசபை: இந்தத் தந்திரங்களை எல்லாம் குறையாகச் சொல்லவில்லை தம்பி, இளமையில் தொண்டையை அடகுவைத்துப் பாடியவர்கள் இவர்கள். பாடகர் எல்டன் ஜானுக்கு 1987 ஜனவரியில், ஆஸ்திரேலியாவில் இருந்தபோது குரல்நாணில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன் எழுபதுகளில் கள்ளக்குரலில், அதாவது இயல்பான குரலுக்கு மேலே மெல்லிதாக எடுக்கும் குரலில், எங்கேயோ போய்த் தொட்டுவிட்டு வருவார். அறுவைக்குப் பின் அந்தக் கள்ளக்குரல் போய்விட்டது.

முருகேசன்: கள்ளக்குரல் போனால் என்ன, நல்லகுரல்தானே மிச்சம்?

கனகசபை: வேடிக்கையாகச் சொன்னாலும் உண்மையில் அப்படித்தான் ஆயிற்று. குரல் கனத்து, அடியில் ஒரு கம்பீரம் வந்தது. அந்தக் குரலை வைத்துக்கொண்டே 2023 வரை உலகம் முழுவதும் சுற்றி விடைபெற்றார். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. ஏரோஸ்மித் குழுவின் பாடகர் ஸ்டீவன் டைலருக்கு 2023 செப்டம்பரில் மேடையிலேயே தொண்டையில் அடிபட்டது. ஓர் ஆண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, 2024 ஆகஸ்டில் இனி ஊர் ஊராகப் போகும் கச்சேரியே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அவருக்கு அப்போது எழுபத்தாறு.

(இருவரும் சற்று நேரம் பேசவில்லை. சாயத்தின் நெடியில் கனகசபை தும்முகிறார்.)

முருகேசன்: ஆடாதீர்கள், சாயம் காதில் வழிகிறது. அது சரி, உங்கள் கில்லன் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்?

கனகசபை: அதைத்தான் சொல்ல வந்தேன். அலறலை விட்டுவிட்டார், பாட்டை விடவில்லை. இப்போது நடுக்குரலில், திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லும் பெரியவர்போல் பாடுகிறார். சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாக விழுகின்றன. முன்பு அவர் அலறிய வேகத்தில், பாட்டு எதைப் பற்றியது என்று எனக்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரியாமல் இருந்தது, இப்போதுதான் தெரிகிறது. 1972இல் ஜப்பானில் பதிவான கச்சேரியையும் இப்போதைய கச்சேரியையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். முதலாவதில் என் இளமை கேட்கிறது. இரண்டாவதில் அவர் கேட்கிறார்.

முருகேசன்: அந்த அலறலை இன்று இரவு அவர் பாடினாலும் உங்கள் காதுக்கு முழுதாகக் கேட்குமா என்பதே எனக்குச் சந்தேகம். சென்ற முறை ‘கண்ணை மூடுங்கள்’ என்று நான் மூன்று தடவை சொல்லியும் நீங்கள் திறந்துகொண்டுதான் இருந்தீர்கள்.

கனகசபை: வயதானால் உச்சமான ஒலிகள்தாம் முதலில் காதை விட்டுப் போகுமாம். பாடுபவருக்குத் தொண்டை போகிறது, கேட்பவனுக்குக் காது போகிறது, கணக்கு எப்படியோ நேராகிவிடுகிறது.

முருகேசன்: உங்கள் வீட்டிலும் இதைச் சொல்லித்தான் தப்பித்துக்கொள்கிறீர்களா?

கனகசபை: வீட்டில் அவள் குரலுக்கு இன்னும் ஒரு கட்டைகூட இறங்கவில்லை. என்னங்க என்று அவள் அடுக்களையில் இருந்து கூப்பிட்டால், மாடியில் தூங்குகிற எனக்கு வேர்த்துவிடுகிறது. இத்தனைக்கும் பயிற்சி தினமும் உண்டு.

முருகேசன்: அதுதான் காரணம். உங்கள் பாடகர் 2002இல் சாதகத்தை விட்டிருப்பார்.

(முருகேசன் சாயம் பூசி முடித்து, நேரம் பார்த்து, கனகசபையைக் கழுவுதொட்டியில் சாய்த்துத் தலையை அலசி, துண்டால் துவட்டி, மறுபடி கண்ணாடி முன் உட்காரவைக்கிறார். கண்ணாடியில் அறுபத்தாறு வயது முகத்துக்கு மேல் பதினாறு வயதுத் தலை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கனகசபை தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறார்.)

கனகசபை: தம்பி... இது என்னவோ 1972இல் பதிவானதுபோல் இருக்கிறதே.

முருகேசன்: நீங்கள் கேட்ட காக்கை நிறம்தான் அண்ணே. அசலைவிட உரக்க விழுந்துவிட்டது. கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, மீசைக்கும் இதையே அடித்துவிடட்டுமா?

கனகசபை: வேண்டாம். மீசையை ஒரு கட்டை இறக்கிப் போடு.