திடீர்க் கருணைக்கும் முன்னேற்பாடு வேண்டும்

“இனி தினமும் யாருக்காவது ஏதேனும் ஒரு நன்மை செய்வேன்” என்று உறுதி எடுத்துக்கொள்வது எளிது; புத்தாண்டிலும் பிறந்தநாளிலும் நம்மில் பலர் அதைச் செய்கிறோம். அது நீடிக்காமல் போனால், மனத்தில் ஈரம் போதவில்லை என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கையில்லை. கொடுக்க வேண்டும் என்ற மனம் பெரும்பாலானவர்களிடம் இருக்கத்தான் செய்கிறது. கொடுக்க வேண்டிய தருணம் எதிரே வந்து நிற்கும்போது கையில் நேரமில்லை, பையில் சில்லறையில்லை, தலை நிமிர்ந்து பார்க்கப் பொறுமையில்லை. ஆகவே அன்றாட ஈகைக்காக உறுதி எடுப்பவர்கள், நல்லவராக இருப்பேன் என்று பொத்தாம்பொதுவாக எடுப்பதைவிட, அந்தத் தருணத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைப்பேன் என்று எடுப்பதே உருப்படியானது என்பேன்.

இதற்கு வலுவான சான்று, ஜான் டார்லி, டேனியல் பாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கிறித்தவ இறையியல் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் 40 பேரை ஒவ்வொருவராக அழைத்து, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிறு உரையாற்றும்படி கேட்டுக்கொண்டார்கள். சிலருக்கு உரைப்பொருள், விவிலியத்தில் வரும், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. மற்றவர்களுக்கு, படித்து முடித்தபின் கிடைக்கக்கூடிய வேலைகள். போகும் வழியில் வாசலோரம் ஒருவர் சரிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்திருந்த ஆள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, விரைந்து போங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினார்கள். சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களிலேயே சிலர் அந்த ஆளைத் தாண்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். மறைநூலையே படிப்பாகக் கொண்டவர்களுக்கே இந்த நிலையென்றால், நாள்முழுவதும் கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிற நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் என் உறுதிமொழியின் முதல் வரி பணத்தைப் பற்றியதாக இல்லாமல் நேரத்தைப் பற்றியதாக அமைந்தது: எங்கே போனாலும் கொஞ்சம் முன்னதாகக் கிளம்புவது, வரிசையில் நிற்கும்போது கைப்பேசியைப் பையில் வைத்துவிடுவது. இரண்டும் அற்பமானவையாகத் தோன்றலாம். ஆனால் கைப்பேசியிலிருந்து பார்வையை எடுத்த பிறகுதான், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முதியவர் பணம் செலுத்தும் படிவத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோவதும், பிறகு கை நீட்டித் தள்ளிப் பிடிப்பதும், சட்டைப் பையைத் தடவி மூக்குக் கண்ணாடி இல்லை என்று உறுதிசெய்துகொள்வதும் என் கண்ணில் பட்டன. “ஐயா, நான் எழுதித் தரட்டுமா?” என்று கேட்டேன். அவர் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு, எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்; கையொப்பத்தை மட்டும் தானே போட்டார். அந்தப் படிவத்தில் மொத்தம் ஆறு கட்டங்கள்தான் இருந்தன.

பணத்துக்கும் இதே முறைதான். வருமானம் வந்தவுடன் ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வைத்துவிட்டால், அதற்குப் பிறகு அது என்னுடையது என்ற எண்ணமே எழுவதில்லை. செலவுப் பணத்தோடு கலந்து கிடக்கிற வரை, ஒவ்வொருவர் கை நீட்டும்போதும் ‘இவருக்கு உண்மையிலேயே தேவையா, ஏமாற்றுகிறாரா’ என்ற விசாரணை மனத்துக்குள் தொடங்கிவிடும். விசாரணை முடிவதற்குள் அவர் போய்விடுவார். தனியே எடுத்து வைத்த பணத்துக்கு ‘கொடுக்கலாமா’ என்ற கேள்வி கிடையாது, ‘யாருக்கு’ என்பது மட்டுமே மிச்சம். அதில் கொஞ்சம் தகுதியில்லாதவரிடமும் போய்ச் சேரும் என்பதை நான் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துவிட்டேன். தொகை சிறிதாயிற்றே என்ற தயக்கமும் தேவையில்லை. எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில், 46 பேருக்குக் காலையில் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, சிலரைத் தமக்கென்றும் சிலரைப் பிறருக்கென்றும் மாலை 5 மணிக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பிறருக்காகச் செலவழித்தவர்களே அன்று மாலை கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பது வேறுபாட்டை உண்டாக்கவில்லை. 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். மகிழ்ச்சி கிடைக்கும் என்று ஆசை காட்டிக் கொடுக்கச் சொல்வதும் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆனாலும் தொகை பொருட்டில்லை என்பது கொடுக்கத் தயங்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இன்னொரு தடை கூச்சம். முன்பின் தெரியாதவரிடம் போய் எதையாவது நீட்டினால் என்ன நினைப்பாரோ என்று கால் பின்வாங்கும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள், பனிச்சறுக்குத் திடலுக்கு வந்தவர்களிடம் ஒரு கோப்பை சூடான சாக்லேட் பானத்தைக் கொடுத்து, அதை அங்கிருக்கும் வேறொருவருக்குத் தர வைத்து, பெறுபவர் எவ்வளவு மகிழ்வார் என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னார்கள். பெற்றவர்கள் ஊகத்தைவிட அதிகமாக மகிழ்ந்தார்கள். கொடுப்பவர் தன் கையிலிருக்கும் பொருளின் மதிப்பைப் பார்க்கிறார். பெறுபவரோ, யாரோ ஒருவர் தன்னை நினைத்ததைப் பார்க்கிறார். எனக்கு இந்த விளக்கம் முழுவதும் ஏற்புடையதாக இருக்கிறது. வேண்டாம் என்று மறுப்பவர்களும் உண்டு. மறுத்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான், வற்புறுத்துவது உதவியாகாது.

கொடுப்பதைப் படமெடுத்து வெளியிடுவதைப் பற்றியும் என் நிலைப்பாடு இறுக்கமானது. பெறுபவரின் முகம் அதில் தெரிந்தால், அவருக்குக் கொடுத்ததைவிட அவரிடமிருந்து எடுத்தது அதிகம். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை, உயர்ந்ததை முதலில் வைத்து, எட்டுப் படிகளாக வகுத்தார்: முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி, கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாமல் நடப்பது இரண்டாம் படி, கடனோ கூட்டுத் தொழிலோ வேலையோ தந்து ஒருவரைச் சொந்தக் காலில் நிற்கச் செய்வதே முதற்படி. இதில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது கடைசிப் படிதான். சுளித்த முகத்தோடு கொடுத்ததையும் அவர் ஈகை இல்லை என்று தள்ளிவிடவில்லை, அதற்கும் இடம் வைத்திருக்கிறார். மனம் ஒப்பாத நாளிலும் கொடுக்கலாம் என்ற அனுமதி இல்லாமல் எந்த அன்றாட உறுதியும் நெடுநாள் நிற்காது.

சில்லறை உதவிகளால் வறுமை ஒழியுமா என்று கேட்பவர்களுக்கு: ஒழியாது. அதற்குச் சட்டமும் வரியும் கூலியும் வேண்டும். அவற்றுக்காகக் குரல் கொடுப்பதை யாரும் நிறுத்தத் தேவையில்லை. ஆனால் படிவத்தை நிரப்ப முடியாமல் நிற்பவருக்கு இன்றைக்கே ஓர் ஆள் வேண்டும்.

எனக்குள்ள பெரிய ஐயம் வேறு. வெளியாரிடம் இவ்வளவு கனிவாகப் பேசுகிறவர்கள், வீட்டுக்குள் நுழைந்ததும் “என்ன?” என்று எரிந்து விழுகிறோம். தெரியாதவரிடம் ஐந்து நிமிடம் அன்பாக இருப்பது எளிது, அவர் மறுநாள் வந்து நிற்கப் போவதில்லை. வீட்டில் இருப்பவர் அதே கதையை நான்காவது முறையாகச் சொல்வார். அதையும் கேட்டாக வேண்டும். அதனால் உறுதிமொழியில் அண்மையில் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறேன்: வெளியே முன்னதாகக் கிளம்புவதைப் போலவே, வீட்டுக்கு வந்ததும் முதல் அரைமணி நேரத்தை எந்த வேலைக்கும் கொடுக்காமல் வைத்திருப்பது.