புட்டை அளந்தவர்களைப் பற்றி

ஒவ்வொரு வருடமும் ஸ்டான்ஃபோர்ட்காரரின் "உலகின் முதல் 2 வீத விஞ்ஞானிகள்" பட்டியல் வந்ததும் முகநூல் முழுக்க வாழ்த்துப் பதிவுகள்தான். எங்கள் கம்பஸ்காரர் யாராவது அதில் இருந்தால் நானும் மனதார வாழ்த்துவேன். அந்த இடத்துக்கு வருவதற்குப் பின்னால் எத்தனை வருட உழைப்பு இருக்கிறது என்று தெரியும். ஆனால் இந்த முறை ஒரு பதிவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தது இரண்டு நாளாக மனதை உறுத்துகிறது. எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் ஆய்வு செய்யும் ஒருவரைப் பற்றி, "அவருடைய எச்-இண்டெக்ஸ் ஏழுதானே, அதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்று கேட்டிருந்தார்.

எச்-இண்டெக்ஸ் என்பது 2005 இல் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் முன்வைத்த ஒரு கணக்கு. ஒருவருடைய கட்டுரைகளில் ஏழு, ஒவ்வொன்றும் குறைந்தது ஏழு தடவை மற்றக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 7. எழுதுகிறவர்கள் எத்தனை தடவை குறிப்பிட்டார்கள் என்று அது எண்ணும். அந்த ஆய்வைக் கேட்டுத் தன் தட்டை மாற்றிக்கொண்ட ஆளை எண்ணாது. வேறு துறைகளில் எப்படியோ, போசாக்குத் துறையில் இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் மிகப் பெரியது.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்து பதினொரு வருடமாகிறது. முதல் தடவை கிளினிக்கில் தந்த தாளில் ஓட்ஸ் இருந்தது, தவிட்டுப் பாண் இருந்தது, அப்பிள் இருந்தது. புட்டு, இடியப்பம், ஒடியல் என்ற சொற்களே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மா கேட்டார்: "பிள்ளை, அப்ப நான் புட்டுச் சாப்பிடலாமோ இல்லையோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே?" என்னிடம் பதில் இருக்கவில்லை.

பதில் தேடுகிறவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். ஆடியபாதம் வீதியில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உயிர் இரசாயனவியல் துறையினர் வடக்கின் பாரம்பரிய உணவுகளுக்குக் கிளைசீமிக் சுட்டி அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஓர் உணவு இரத்தத்தில் சீனியை எவ்வளவு ஏற்றுகிறது என்று குளுக்கோஸோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது. 1981 இல் ரொறன்ரோவில் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்த முறை.

அந்த ஒரு எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குறைந்தது பத்துப் பேர் இரவு முழுக்கப் பட்டினி கிடந்து காலையில் வர வேண்டும். 50 கிராம் மாச்சத்து வரும்படி புட்டை நிறுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முதலே, அந்தப் புட்டில் எவ்வளவு மாச்சத்து என்று ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்திருக்க வேண்டும். சாப்பிட முன் இரத்தம் எடுக்க விரலில் ஒரு குத்து. பிறகு 15, 30, 45, 60, 90, 120 நிமிடங்களில் ஒவ்வொரு குத்து. இன்னொரு நாள் அதே ஆட்கள் திரும்பி வந்து குளுக்கோஸ் குடித்து, மறுபடி அத்தனை குத்தும். இது ஓர் உணவுக்கு மட்டும். மாவை வறுத்தது, வறுக்காதது, அரிசி, குரக்கன் என்று பார்க்க வெளிக்கிட்டால் மாதக்கணக்கு. கடைசியில் கட்டுரையில் ஒரு வரி.

அந்த வரியை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டப் போகிறார்கள்? புட்டைப் பற்றி ஆய்வு எழுதுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்? இங்கேயும், கேரளத்திலும், வேறு சில இடங்களிலும் ஒரு கைப்பிடி. அதோடு இன்னொரு விடயமும் இருக்கிறது. இந்த மாதிரி எண்களையெல்லாம் திரட்டி சிட்னியை மையமாகக் கொண்ட ஒரு குழு சர்வதேச அட்டவணை வெளியிடுகிறது. 2021 இல் வந்ததில் 4000க்கும் மேற்பட்ட உணவுகள். மிகவும் பயனுள்ள வேலை, மறுக்கவில்லை. ஆனால் எழுதுகிறவர்கள் அநேகமாக அட்டவணையைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். ஊரில் விரல் குத்தி அளந்தவருடைய பெயர் அந்தக் கணக்கில் ஏறாமலே போய்விடும்.

மேற்கோள் அதிகம் என்றால் ஆய்வு சரி என்றும் இல்லை. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க் சாப்பாட்டுப் பழக்கம் பற்றி எழுதியவற்றை ஆயிரக்கணக்கானோர் மேற்கோள் காட்டினார்கள். 2018 செப்டெம்பரில் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழ்க் குழுமம் அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரே நாளில் மீளப் பெற்றது. மேற்கோள் காட்டியவர்களில் எத்தனை பேர் தரவைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

அதற்காக எண்ணவே கூடாது என்று சொல்ல வரவில்லை. வெளியிடாமல் இருப்பதற்கு ஊர்ப்பற்றைச் சாட்டாக வைக்கக் கூடாது. ஊர்ச் சாப்பாட்டு ஆய்வும் நல்ல இதழில், மற்றவர் சோதித்துப் பார்க்கக்கூடிய விதத்தில் வர வேண்டும். அப்படி வந்த வேலையை ஏழு என்று சொல்லித் தள்ளுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பதவி உயர்வுக்கும் நிதிக்கும் புள்ளி போடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். போசாக்கு ஆய்வாளர் ஒருவர் தன் முடிவைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி, அது கிளினிக்குகளில் கொடுக்கப்படுகிறது என்றால், அதற்கும் புள்ளி போடுங்கள். இப்போது அப்படி எழுதும் நேரத்தில் அவர் இன்னொரு ஆங்கிலக் கட்டுரை எழுதினால்தான் அவருக்கு லாபம்.

இதை வாசிக்கிற கம்பஸ் ஆட்களே, உங்களிடம் குரக்கனோ ஒடியலோ அளந்த முடிவு இருந்தால் தமிழில் எனக்கு அனுப்புங்கள். அச்சடிக்கும் செலவு என்னுடையது. அடுத்த மாதம் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, வாங்கில் இருக்கிற எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுப்பேன்.