ஒரே வாத்தியாரிடம் படித்த இருவரும் எங்கள் தாராவியும்

மகள் எஃப்.ஒய். பி.காம்., அதாவது முதல் வருஷம், படிக்கிறாள். போன வாரம் டியூஷனில் கொடுத்த ஜெராக்ஸ் கட்டை நீட்டி, "அப்பா, இதுல யாரு முக்கியம்னு குறிச்சுக் கொடுங்க" என்றாள். தலைப்பு 'பொருளாதாரச் சிந்தனையாளர்கள்'. ஆடம் ஸ்மித், மால்தஸ், ரிகார்டோ, மில், மார்க்ஸ், மார்ஷல், கெய்ன்ஸ். ஆளுக்கு அரைப் பக்கம். கடைசிப் பக்கத்தின் அடியில் 'இந்தியச் சிந்தனை' என்று நாலு வரி. அதில் கௌடில்யர், தாதாபாய் நவ்ரோஜி, காந்தி. அவ்வளவுதான்.

நான் மும்பை சயானில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவன். கணக்குப் பார்த்துப் பழகிய புத்தி, யாரைப் பற்றிப் படித்தாலும் 'இவருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது?' என்றுதான் முதலில் தேடும். இந்தப் பட்டியலை அப்படித் தேடினால் வேடிக்கையாக இருக்கிறது. மால்தஸ் 1805 முதல் 1834-இல் சாகும்வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதிகாரிகளைத் தயார் செய்த ஹெய்லிபரி கல்லூரியில் வாத்தியார். ஜான் ஸ்டூவர்ட் மில் 1823-இல் கம்பெனியின் லண்டன் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 1858 வரை அங்கேயே வேலை பார்த்தார். அவருடைய அப்பா ஜேம்ஸ் மில் இந்த நாட்டைக் கண்ணால் பார்க்காமலே 1817-இல் அதன் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். கெய்ன்ஸுக்கு முதல் உத்தியோகம் லண்டன் இந்தியா ஆபீஸ். 1913-இல் வந்த அவருடைய முதல் புத்தகமே நம் ரூபாயைப் பற்றியது. இவர்களில் ஒருவர்கூட இந்தப் பக்கம் வந்ததில்லை.

"அப்போ எல்லாருமே வொர்க் ஃப்ரம் ஹோம்" என்றாள் மகள்.

ஸ்மித்தை மட்டும் விட்டுவிடுவோம். அவர் 1776-லேயே கம்பெனியின் ஏகபோகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டவர்.

நவ்ரோஜிக்கு அந்த ஜெராக்ஸில் ஒரு வரி கொடுத்திருந்தார்கள்: 'செல்வச் சுரண்டல் கோட்பாடு'. அந்த மனுஷன் செய்த வேலையை யாராவது அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா? இந்தியனின் சராசரி வருமானம் வருஷத்துக்கு 20 ரூபாய் என்று கணக்குப் போட்டார். அதோடு விடவில்லை. சிறையில் இருக்கும் கைதிக்குச் சோற்றுக்கும் துணிக்கும் சர்க்கார் எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்த்தார். வெளியே இருப்பவனுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. இரண்டும் சர்க்காரின் சொந்தக் காகிதங்களிலிருந்து எடுத்த எண்கள். எதிராளியின் பில்லை வைத்தே எதிராளியை மடக்குவது என்றால் இதுதான்.

நான் சொல்ல வந்தது வேறு இரண்டு பேரைப் பற்றி. அந்தக் கட்டில் அவர்களின் பெயரே இல்லை.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எட்வின் செலிக்மன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அரசு வரி போடுவது, செலவழிப்பது, இதுதான் அவருடைய பாடம். 1913-இல் அவரிடம் படிக்கப் போனவர் பம்பாய்க்காரரான அம்பேத்கர். பதினைந்து வருஷம் கழித்துப் போனவர் தஞ்சாவூர்க்காரர். ஜோசப் செல்லதுரை கொர்னீலியஸ் என்று பெயர், பிற்பாடு ஜே.சி.குமரப்பா. லண்டனில் ஆடிட்டர் படிப்பு முடித்து, இதே பம்பாயில் கோட்டும் சூட்டும் போட்டு ஆடிட்டராக இருந்தவர். இந்தியா ஏன் ஏழையானது என்று அமெரிக்காவில் ஒரு சர்ச்சில் பேசினார். அந்தப் பேச்சின் செய்தியைப் பத்திரிகையில் பார்த்த செலிக்மன், அதையே ஆய்வாக எழுதச் சொன்னார். எழுத எழுத ஆடிட்டர் மாறிவிட்டார். 1929-இல் சபர்மதிக்குப் போய், மரத்தடியில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்த கிழவரைப் பார்த்தார். பட்டுத் துணியில் தைத்த கால்சட்டையோடு சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்தார். அதோடு பம்பாய் ஆபீஸ் வாழ்க்கை முடிந்தது.

ஒரே வாத்தியார், ஏறக்குறைய ஒரே வயது, இருவரும் வாழ்ந்தது இதே ஊர். விடை மட்டும் நேரெதிர்.

அம்பேத்கர் 1918-இல் சிறு நிலங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிலம் துண்டு துண்டாகக் கிடப்பது மட்டும் நோய் இல்லை. அந்தத் துண்டில் தேவைக்கு மேல் ஆட்கள் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள், வேறு வேலை இல்லாததால் தொங்குகிறார்கள், அவர்களைத் தொழிற்சாலைக்கு இழுத்தால்தான் நிலமும் பிழைக்கும் என்றார். கிராமத்தைப் பற்றி 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசியது எல்லோருக்கும் தெரியும், அது அறியாமையின் குகை என்றார். குமரப்பாவோ கிராமத்தைவிட்டு நகரவே கூடாது என்றார். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், மண்பாண்டம், தோல். 1934-இல் தொடங்கிய கிராமத் தொழில் சங்கத்துக்காக வார்தாவில் உட்கார்ந்து இதையெல்லாம் கட்டி எழுப்பப் பார்த்தார்.

இப்போது எங்கள் தாராவி நயன்டி ஃபீட் ரோட்டுக்கு வாருங்கள். எங்கள் சந்தில் கீழே பெல்ட் வெட்டுகிறார்கள், மேலே பர்ஸ் தைக்கிறார்கள். நாலு சந்து தள்ளி கும்பார்வாடாவில் குஜராத்துக் குயவர்கள் சூளை மூட்டினால் எங்கள் துணியெல்லாம் புகை வாசம். பெண்கள் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அப்பளம் காயப்போடுகிறார்கள். குமரப்பா எழுதிய பட்டியலில் பாதி இங்கே ஓடுகிறது. அவர் கைவிடச் சொன்ன நகரத்தின் நட்ட நடுவில், அம்பேத்கர் சொன்னபடி ஊரைவிட்டு ஓடிவந்தவர்களின் கையால். செலிக்மன் உயிரோடு இருந்தால் இங்கே ஒரு மாணவனை அனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். விரல் நகமெல்லாம் இன்னும் மஞ்சள். குமரப்பா கதையை அவரிடம் சொன்னேன். பிடித்திருந்தது, தஞ்சாவூர்க்காரர் என்றதும் இன்னும் பிடித்தது. அப்புறம் கேட்டார்:

"ஏலே, அப்போ ஊர்லயே இருந்து தோல் வேலை பாக்கச் சொல்லுதாரோ? பாக்கலாம். கடையில டீ எந்தக் கிளாஸ்ல குடுப்பான்னு அவரு எழுதியிருக்காரான்னு பாரு."

நான் தேடிப் பார்த்தவரை, அந்தக் கேள்விக்கு ஈடுகொடுக்கும் பதில் குமரப்பாவிடம் இல்லை. கிராமத்தின் தானியக் கணக்கை, எருவின் கணக்கை அவரைப் போல் நுணுக்கமாகப் பார்த்தவர் கிடையாது. கிளாஸ் கணக்கு அவர் பேரேட்டில் சரியாக ஏறவில்லை. அம்பேத்கருக்கு அது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை. 1918-இல் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தபோது, ஆசிரியர் அறைப் பானையில் அவர் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று சக பேராசிரியர்களே ஆட்சேபித்தார்கள். ஊரே வேண்டாம் என்று அவர் சொன்னதை வெறும் கோபம் என்று தள்ளிவிட முடியாது. (நகரத்திலும் இது தீர்ந்துவிடவில்லை என்பதற்கும் அந்தப் பானைதான் சாட்சி. வாடகைக்கு அறை கேட்டுப் போனவர்களுக்குத் தெரியும்.)

அதற்காக வாட்ஸப்பில் வருகிறதே, 'ரிசர்வ் வங்கியை உருவாக்கியவர் அம்பேத்கர்' என்று, அதை நான் ஃபார்வர்ட் செய்வதில்லை. அவர் செய்ததே பெரிது, கூட்டிச் சொல்லத் தேவையில்லை. 1923-இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். ரூபாயைப் பவுண்டு வழியாகத் தங்கத்தோடு கட்டும் தங்க மாற்று முறையைப் புகழ்ந்த கெய்ன்ஸோடு நேருக்கு நேர் மோதினார். ரூபாய்க்கு எத்தனை பென்ஸ் என்று பிடித்து வைப்பதில் என்ன இருக்கிறது, அந்த ரூபாய் கடையில் எவ்வளவு வாங்குகிறது என்பது நிலையாக இருக்க வேண்டும் என்றார். விலை ஏறினால் முதலில் அடிபடுவது கூலிக்காரன் என்றார். பிறகு இந்திய நாணய முறையை ஆராய வந்த ஹில்டன் யங் கமிஷன் முன் சாட்சியம் சொன்னார். மத்திய வங்கி வேண்டும் என்று அந்தக் கமிஷன் பரிந்துரைத்தது. 1934-இல் சட்டம், 1935 ஏப்ரல் 1-இல் வங்கி. இந்த வரிசையில் அவருடைய இடம் தெளிவாக இருக்கிறது.

அப்பாவின் கேள்விக்குப் பிறகு நான் அம்பேத்கர் பக்கம்தான். ஆனால் தொழில் முறையில் மனம் குமரப்பாவிடம் போகிறது. 1934 பீகார் பூகம்ப நிவாரணக் கணக்கு அவர் கையில் இருந்தது. காந்தி தன் ஆட்களோடு வந்தபோது, உங்கள் குழுவின் செலவை இந்த நிதியில் எழுத முடியாது என்று சொன்னவர் அவர். எங்கள் லைனில் இப்படி ஓர் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. மார்ச் மாதத்தில் என் அறைக்கு வந்து பாருங்கள், மச்சானின் கல்யாணச் செலவைக் 'கடை விளம்பரம்' என்று எழுதச் சொல்லுவார்கள்.

ஜெயிலில் இருந்து அவர் எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' பற்றியும் சொல்ல வேண்டும். புலி தன் இரையைக் கொன்றுதான் தின்கிறது. குரங்கு தோப்பில் மாம்பழம் பறிக்கிறது, ஆனால் மரம் நட்டதில்லை. தேனீ தன் கூட்டத்துக்காகச் சேர்க்கிறது, தாய்ப்பறவை கைம்மாறு பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. மனிதனின் தொழில்களை அவர் இப்படித் தரம் பிரிக்கிறார். மகளுக்கு ஸ்மித்தைவிட இது சீக்கிரம் புரிந்தது. "நம்ம சந்து குரங்கா தேனீயா?" என்றாள். பதில் தெரியவில்லை. இப்போது சந்துக்குள் தாராவி மறுகட்டுமானத் திட்டத்துக்கான சர்வேக்காரர்கள் கதவுக்கு நம்பர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அறையின் நீள அகலம் எழுதிக்கொண்டார்கள். மாடியில் ஓடும் மூன்று தையல் மெஷினைப் பற்றி யாரும் கேட்கவில்லை. குமரப்பா 1930 வாக்கில் குஜராத்தில் மாதர் தாலுகாவுக்குச் சர்வே எடுக்கப் போனபோது மாடு, கலப்பை, கடன் எல்லாம் வீடு வீடாகக் கேட்டு எழுதியவர்.

மகள் அந்த ஜெராக்ஸின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு பெயரையும் சேர்த்துவிட்டாள். பரீட்சையில் எழுதினால் மார்க் போடுவார்களா என்பது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பரேலில் வரிசை வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட சால் குடியிருப்புக்குக் கூட்டிப் போகிறேன், அம்பேத்கர் குடியிருந்த அறை அங்கேதான். அப்படியே ஃபோர்ட்டில் நவ்ரோஜி சிலை, பக்கத்தில் மின்ட் ரோட்டில் ரிசர்வ் வங்கி. அப்பாவும் வருகிறாராம். முட்டி வலியோடு ரயில் ஏற மாட்டார். டாக்சிக் காசு என் தலையில்தான்.