பிபிசிக்குப் போட்ட சாம்பிராணி

(பாளையங்கோட்டையில் ஒரு டிவி மெக்கானிக் கடை. சுந்தரம் கோணிச்சாக்கோடு உள்ளே நுழைகிறார். பார்வை நேராகச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுக்குப் போகிறது.)

சுந்தரம்: அண்ணாச்சி, ஒரே ஒரு நிமிஷம் கரண்ட் குடுங்க. போட்டுப் பாத்துட்டுப் போயிருதேன்.

அண்ணாச்சி: சுவிட்சுல இருந்து கையை எடும் வே. சாக்குக்குள்ள என்ன இருக்கு?

சுந்தரம்: கம்ப்யூட்டரு. பழைய இரும்புக் கடையில கிலோ நாப்பது ரூவான்னு எடை போட்டான். மூணே முக்கால் கிலோ, நூத்தம்பது ரூவா.

அண்ணாச்சி: (சாக்கை அவிழ்த்து) அடேயப்பா! பிபிசி மைக்ரோ, மாடல் பி!

சுந்தரம்: பிபிசின்னா தமிழோசைலா அண்ணாச்சி. இதுல செய்தி வருமா?

அண்ணாச்சி: அதே பிபிசிதான். ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கணும்னு டிவியில தொடர் போட்டான். அதுக்குன்னே கேம்பிரிட்ஜ்ல ஏகார்ன் கம்பெனி 1981 கடைசியில செஞ்ச பெட்டி இது. 1984-ல 'கிளாஸ்'னு ஒரு திட்டத்துல நம்ம நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் வந்துச்சு. 6502 பிராசசர், 2 மெகாஹெர்ட்ஸ், 32 கே மெமரி.

சுந்தரம்: 32 ஜிபியா? பரவாயில்லையே.

அண்ணாச்சி: கே, வே, கே! விடியக்காலம் நீரு எல்லாருக்கும் அனுப்புதீரே ரோஜாப்பூ குட்மார்னிங், அதுல ஒரு இதழ் கூட இதுக்குள்ள கொள்ளாது.

சுந்தரம்: அப்ப எதுக்கு இதைப் பாத்து வாயைப் பொளக்கீங்க?

அண்ணாச்சி: உம்ம சட்டைப்பையில கிடக்க போனுக்கு இது பாட்டன் வே. இதுல வேலை பாத்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் பின்னால, இப்ப போன்ல எல்லாம் இருக்கே, அந்த ஆர்ம் பிராசசரை வடிவமைச்சாங்க. சரி, கழட்டுவோம். பின்னால ரெண்டு ஸ்க்ரூ, அடியில முன்பக்கம் ரெண்டு. பக்கத்துலயே 'ஃபிக்ஸ்'னு அச்சு இருக்கும்.

சுந்தரம்: அதைத்தான் நானும் பாத்தேன். ஃபிக்ஸ்னு போட்டிருக்கே, கழட்டக் கூடாது போலன்னு விட்டுட்டேன்.

அண்ணாச்சி: (மூடியைத் தூக்கி) இடப்பக்கம் டப்பா மாதிரி இருக்கிறது பவர் சப்ளை. அதுல இருந்து போர்டுக்கு ஏழு வயர் போகுது. மூணு சிவப்பு, மூணு கருப்பு, ஒரு ஊதா. சிவப்பு 5 வோல்ட், கருப்பு ஜீரோ, ஊதா மைனஸ் 5. பிடுங்குததுக்கு முன்னால போன்ல போட்டோ எடும்.

சுந்தரம்: எதுக்கு போட்டோ? ஏழு வயரு எனக்கு ஞாபகம் இருக்காதா?

அண்ணாச்சி: போன வாரம் ஸ்கூட்டரை எங்க விட்டோம்னு மூணு தெரு தேடினவரு நீரு. சிவப்பும் கருப்பும் இடம் மாறினா போர்டுல இருக்க அத்தனை ஐசியும் ஒரே நேரத்துல சிவலோகம் போயிரும்.

சுந்தரம்: அந்த ஊதா எதுக்கு?

அண்ணாச்சி: சீரியல் போர்ட்டுக்கு.

சுந்தரம்: வசந்தா கிட்ட சொல்லிராதீங்க. சீரியல்னு கேட்டா இதை வீட்டுக்கே தூக்கிட்டுப் போயிருவா.

அண்ணாச்சி: (அடியில் மூன்று ஸ்க்ரூ கழற்றி, பவர் சப்ளையை வெளியே எடுத்து, மூடியைத் திறக்கிறார். மூக்கை அருகே கொண்டுபோகிறார்.) சுந்தரம்.

சுந்தரம்: என்ன அண்ணாச்சி?

அண்ணாச்சி: நேத்து உம்ம வீட்டுல சாம்பிராணி போட்டீங்களோ?

சுந்தரம்: ஆமா, வெள்ளிக்கிழமைலா.

அண்ணாச்சி: நேத்து வியாழன்.

சுந்தரம்: (மௌனம்)

அண்ணாச்சி: எவ்வளவு நேரம் போட்டு வச்சிருந்தீரு?

சுந்தரம்: ஒரு பத்து நிமிஷம். 'டப்'புன்னு ஒரு சத்தம். அப்புறம் பின்பக்கம் ஓட்டை வழியா புகை. ஆனா பெட்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு அண்ணாச்சி, சத்தியமா! சரி, பழைய மெஷினு, புகை விடத்தான் செய்யும்னு நினைச்சேன்.

அண்ணாச்சி: அது என்ன பாசஞ்சர் ரயிலா? இங்க பாரும். மஞ்சக் கண்ணாடி மாதிரி ஒரு டப்பி, நடுவுல பொளந்து பழுப்புப் பிசின் வடிஞ்சிருக்கு. கரண்ட் உள்ள வாற வாசல்ல இருக்க ஃபில்டர் கெப்பாசிட்டர் இது. உள்ள காகிதம் வச்சுச் சுத்தினது. நாப்பது வருஷத்துல மேல்ஓடு நூல் நூலா வெடிச்சு, ஈரக்காத்து உள்ள போயி, காகிதம் ஊறியிருக்கும். 230 வோல்ட்டைக் காமிச்சதும் சூடாகி டப்பு. கரண்டுல வாற இரைச்சலை வடிகட்டுத ஃபில்டர்தானே, அதனால அது செத்தாலும் பெட்டி ஓடும். அதான் உமக்குத் தெரியலை.

சுந்தரம்: வசந்தாவுக்குத் தெரிஞ்சுது. "என்னங்க ஊதுபத்தி இது, மீன் பொசுங்குத வாடை"ன்னா.

அண்ணாச்சி: பழைய மெஷின் எது கையில வந்தாலும் முதல்ல திறக்கணும், அப்புறந்தான் பிளக்கு. திறந்து பாத்திருந்தா அந்த விரிசல் வெறுங்கண்ணுக்கே தெரிஞ்சிருக்கும்.

சுந்தரம்: சரி, இப்ப கழட்டிருவோம். (பையிலிருந்து நீள ஸ்க்ரூடிரைவர் எடுக்கிறார்.)

அண்ணாச்சி: தொடாதயும்! அந்தப் பெரிய கெப்பாசிட்டர்ல அணைச்ச பிறகும் 325 வோல்ட் டிசி நிக்கும். நேத்துப் போட்டது வடிஞ்சிருக்கலாம், வடியாமலும் இருக்கலாம். ஸ்க்ரூடிரைவரை வச்சு ஷார்ட் பண்ணினா தீப்பொறி பறக்கும், கெப்பாசிட்டரும் கெடும். 10 கே, 5 வாட் ரெசிஸ்டரோட ரெண்டு காலுக்கும் இன்சுலேட் பண்ணின வயரைப் பிடிச்சு வச்சிருக்கேன். பத்து எண்ணுத வரைக்கும் வைக்கணும், அப்புறம் மீட்டர் வச்சுப் பாக்கணும். (வைக்கிறார்) ஜீரோ. இப்பத் தொடும்.

சுந்தரம்: நீங்களே தொடுங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு.

அண்ணாச்சி: ரெண்டு ஃபில்டர் கெப்பாசிட்டர். ஒண்ணு 0.1 மைக்ரோ பாரட், இன்னொண்ணு 0.01. வெடிக்காததையும் மாத்தணும், அதுக்கும் இதே வயசுதான். எக்ஸ் 2 ரகம், 275 வோல்ட் ஏசின்னு மேல எழுதியிருக்கணும். ரெண்டுமே டீ விலைதான்.

சுந்தரம்: எங்கிட்ட பழைய ரேடியோவுல கழட்டினது ஒண்ணு கிடக்கு. 400 வோல்ட்னு போட்டிருக்கு. 275-ஐ விட 400 பெரிசுலா?

அண்ணாச்சி: அது 400 டிசி. மெயின்ஸ்ல குறுக்கால போடுததுக்குன்னு செஞ்சது எக்ஸ் 2. இது சாகும்போது தனக்குள்ளயே ஓட்டையைப் பொசுக்கி அடைச்சுக்கிடும், ஷார்ட்டாகி நிக்காது. உம்ம ரேடியோ கெப்பாசிட்டர் செத்தா ஊருக்கே சொல்லிட்டுத்தான் சாகும். அப்படியே இந்த 220 மைக்ரோ பாரட் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரையும் மாத்திருவோம். இது காஞ்சு போனா சப்ளை ஸ்டார்ட்டே ஆகாது. 105 டிகிரி சூடு தாங்குத ரகம் போடணும். பிளஸ் மைனஸ் பாத்து.

(பற்றவைக்கிறார். சுந்தரத்தின் கை மறுபடி சுவிட்ச் பக்கம் போகிறது.)

அண்ணாச்சி: கை!

சுந்தரம்: சும்மா... தூசி தொடச்சேன்.

அண்ணாச்சி: முதல்ல போர்டு இல்லாம, சப்ளையை மட்டும் போட்டுப் பாப்போம். வெறுங்கையோட விட்டா இந்த ரக சப்ளை முழிக்காது, ஏதாவது சுமை வேணும். சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவுல 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர். ஒரு ஆம்பியர் இழுக்கும், சூடாகும், தொடாதயும். வெளிய சீரிஸ் போர்டுல 100 வாட் குண்டு பல்பு, அது வழியாத்தான் கரண்டு உள்ள போகும். பளிச்சுன்னு எரிஞ்சு அடங்கினா நல்லது. முழுசா எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள ஷார்ட்டு.

சுந்தரம்: எல்ஈடி பல்பு போட்டா கரண்டு மிச்சமாகும்லா?

அண்ணாச்சி: கரண்டு மிச்சமாகும், மெஷின் மிச்சமாகாது. இழை பல்புதான் வேணும். (போடுகிறார். பல்பு மின்னி அடங்குகிறது.) இப்ப நேர் லைன்ல போட்டு அளப்போம். 5.04! 4.75-க்குக் கீழயும் போகக் கூடாது, 5.25-க்கு மேலயும் போகக் கூடாது. ஊதாவுல மைனஸ் 5. போதும். இனி போர்டைப் பாப்போம்... இது என்னது?

சுந்தரம்: வெள்ளையா, உருண்டையா... இதுவும் கெப்பாசிட்டரா?

அண்ணாச்சி: பல்லி முட்டை.

சுந்தரம்: எத்தனை மைக்ரோ பாரட்?

அண்ணாச்சி: (முறைக்கிறார்) ரெண்டு முட்டை, பக்கத்துல எச்சம். அந்த எச்சம் ஈரம் பட்டா செம்புத் தடத்தையே அரிச்சிரும். பல் தேய்க்குத பிரஷ்ஷும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் எடும். 99 சதவீதம்னு போட்டிருக்க டப்பா. தண்ணி கலந்த சானிட்டைசர் இல்லை.

சுந்தரம்: அந்த அடிப்பக்கத்துல வரிசையா நிக்க பின்னை எல்லாம் நான் வீட்டுலயே விளக்கிட்டேன் அண்ணாச்சி. பாருங்க, தங்கமா மின்னும்.

அண்ணாச்சி: எதை வச்சு?

சுந்தரம்: புளி. குத்துவிளக்கு எப்படிப் பளபளங்கும்!

அண்ணாச்சி: புளி அமிலம் வே! பத்து நாள்ல பச்சை பூத்துரும். (ஆல்கஹால் ஊற்றித் தேய்க்கிறார்) அடுத்து என்ன, ஐசிக்கெல்லாம் திருநீறா?

(வயர்களைப் போட்டோ பார்த்து மாட்டுகிறார். பின்னால் உள்ள பிஎன்சி வீடியோ சாக்கெட்டிலிருந்து கடை டிவியின் ஏவி ஓட்டைக்கு ஒரு வயர்.)

அண்ணாச்சி: இந்த வழியில கருப்பு வெள்ளைதான் வரும். சோதனைக்கு அது போதும். நல்லா இருந்தா மட்டமா ஒண்ணு, அடுத்தாப்ல உச்சமா ஒண்ணு, 'பூ... பீப்'னு ரெண்டு சுதியில கூப்பிடும். போடுதேன்.

(பூஊஊஊஊஊ...)

சுந்தரம்: 'பீப்' எங்க?

அண்ணாச்சி: (அணைக்கிறார்) வரலை. சவுண்ட் ஐசி கரண்ட் வந்ததும் தானா கத்த ஆரம்பிச்சிரும். பிராசசர் எந்திரிச்சு வந்து 'சும்மா இரு'ன்னு சொல்லணும். அவரு எந்திரிக்கலை.

சுந்தரம்: நம்ம வீட்டு மூத்தவ மாதிரி.

அண்ணாச்சி: பெரும்பாலும் சாக்கெட்ல தொடர்பு இல்லாமதான் இருக்கும். மெமரி சிப்பு ராமை மாத்தி மாத்திப் போட்டுச் செலவழிக்காம, முதல்ல சாக்கெட்ல இருக்கதை எல்லாம் கழட்டி மாட்டணும். ஓஎஸ் ரோமு, பேசிக் ரோமு, 6502. ரோமுன்னா நிரலை நிரந்தரமா எழுதி வச்ச சிப்பு. ரோமுக்கு 28 கால், பிராசசருக்கு 40. தட்டையான சின்ன டிரைவரை ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம்னு நுழைச்சு நெம்பணும். ஒரே பக்கம் நெம்பினா மறுபக்கக் கால் வளைஞ்சிரும். முதல்ல எர்த்தைத் தொட்டுக்கிடும். தலையில இருக்க பள்ளம் முன்ன எந்தப் பக்கம் பாத்துச்சோ, திரும்ப அதே பக்கம் பாக்கணும். நான் ரெண்டைப் போடுதேன், பேசிக்கை நீரு போடும்.

சுந்தரம்: (நாக்கைக் கடித்துக்கொண்டு அமுக்குகிறார்) போட்டாச்சு. கம்முனு உக்காந்துட்டு.

(அண்ணாச்சி மறுபடி போடுகிறார். பூ... பீப்!)

சுந்தரம்: வந்துட்டு! டிவியில பாருங்க. 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே'. கீழ ஏதோ கேக்குதே. 'லாங்குவேஜ்?'

அண்ணாச்சி: ம்ம்.

சுந்தரம்: தமிழ்னு சொல்லுங்க அண்ணாச்சி! தமிழோசைக்காரன்லா, அவனுக்குத் தெரியும்!

அண்ணாச்சி: அது அந்த பாஷையைக் கேக்கலை. பேசிக்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை, அது எங்கன்னு கேக்குது. ரோம் மாட்டலைன்னா இப்படித்தான் கேட்டுட்டு நிக்கும். (அணைத்து, நெம்பி எடுத்து) நீரு மாட்டின லட்சணத்தைப் பாரும். 28 காலும் சாக்கெட்டுக்குள்ள போகணும். 27 போயிருக்கு, ஒண்ணு வயித்துக்கடியில மடிஞ்சு சம்மணம் போட்டு உக்காந்திருக்கு.

சுந்தரம்: ஒரு கால்தானே? மீதி 27 பாத்துக்கிடாதா?

அண்ணாச்சி: அது பூரான் இல்லை வே. (கூர்மூக்குக் குறடால் மெல்ல நிமிர்த்துகிறார்) ஒரு தடவைதான் நிமித்தலாம். ரெண்டாவது தடவை கையோட வந்துரும். கால் விரிஞ்சிருந்தா ஒரு வரிசையை மேசையில படுக்கப் போட்டு லேசா அமுக்கி உள்ள தள்ளணும். அப்புறம் மாட்டணும். ரெண்டு பக்கமும் குனிஞ்சு பாக்கணும். ஆச்சு.

(பூ... பீப். 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே. பேசிக்.' கீழே ஒரு அம்புக்குறி மினுக்கும் கோட்டோடு நிற்கிறது.)

அண்ணாச்சி: பிரிண்ட் 2+2-ன்னு அடிச்சு ரிட்டர்ன் தட்டும்.

சுந்தரம்: 'என்' விழமாட்டேங்குது.

அண்ணாச்சி: உள்ள இருக்க தொடர்பு மங்கியிருக்கும். தொப்பியை நேரா மேல பிடுங்கி, காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு. இனி அம்பது தடவை அமுக்கும். அதுல மட்டும் எவ்வளவு வேணும்னாலும் கை வைக்கலாம்.

சுந்தரம்: (அமுக்கி முடித்து) நாலு! ஆனா ஏன் அவ்வளவு தள்ளி வலப்பக்கம் நிக்குது?

அண்ணாச்சி: எண்ணுக்குப் பத்து இடம் ஒதுக்கி, வலது ஓரமா நிறுத்தும். அது அதோட பழக்கம்.

சுந்தரம்: மூடி இப்படி மஞ்சப் பூத்ததுக்கு என்ன பண்ண?

அண்ணாச்சி: சலூன்ல 40 வால்யூம் டெவலப்பர்னு ஒரு கிரீம் இருக்கும், 12 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு. கையுறை போட்டு மூடி மேல தடவி, சாப்பாடு சுத்துத பிளாஸ்டிக் தாளால மூடி, மொட்டை மாடி வெயில்ல நாலஞ்சு மணி நேரம். மணிக்கு ஒருக்கா பிரஷ்ஷால பரத்தணும், இல்லைன்னா வரிவரியா வெளுக்கும். கொஞ்ச வருஷத்துல திரும்ப மஞ்சளாகவும் செய்யும். எனக்கென்னவோ அப்படியே இருக்கதுதான் அழகு.

சுந்தரம்: என் பேரை அடிக்கேன். எஸ், யூ, என்... சுந்தரம். ரிட்டர்ன். (படிக்கிறார்) 'மிஸ்டேக்'?

அண்ணாச்சி: தெரியாத வார்த்தையைக் குடுத்தா பேசிக் அப்படித்தான் சொல்லும்.

சுந்தரம்: வீட்டுல சொல்லுததையே சொல்லுதே! இருங்க, அவ பேரையும் போடுவோம். வசந்தா. ரிட்டர்ன். 'மிஸ்டேக்'! ஹா ஹா! பாத்தீங்களா அண்ணாச்சி, கம்ப்யூட்டரே சொல்லிட்டு! முப்பத்திரெண்டு இஞ்சுல எவ்வளவு தெளிவா தெரியுது!

அண்ணாச்சி: சுந்தரம்.

சுந்தரம்: என்ன?

அண்ணாச்சி: வாசல்ல வசந்தா. கையில காய்கறிப் பை. எட்டி எட்டிப் பாக்குது.

சுந்தரம்: அய்யய்யோ! இதை எப்படி அழிக்கிறது? அழிக்க என்ன அடிக்கணும்?

அண்ணாச்சி: ஒண்ணும் அடிக்க வேண்டாம். ராம்ல இருக்கது எதுவும் கரண்டு போனா தங்காது.

சுந்தரம்: அப்ப?

அண்ணாச்சி: இப்பத் தொடும் வே அந்த சுவிட்சை!